விசைப்பலகைக்கு அடியில் ஓடிய ரூட் ஷெல்: ஜி1 கைபேசி, நவம்பர் 2008

2008ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஜி1 கைபேசி வைத்திருந்த ஒருவர் தம் தோழியுடன் குறுஞ்செய்தியில் உரையாடிக்கொண்டிருந்தார். இடையில் கைபேசியை அணைத்து மீண்டும் இயக்க வேண்டியதாயிற்று. ஏன் பதில் இல்லை என்று தோழி கேட்டபோது, காரணத்தைச் சொல்வதற்காக 'ரீபூட்' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்தார். கைபேசி உடனே அணைந்து மறுபடி தொடங்கியது. தற்செயலாக நடந்திருக்கும் என்று விட்டுவிடாமல், அவர் அதை ஆண்ட்ராய்டின் குறைகளை எவரும் தெரிவிக்கக்கூடிய பொது வழுப்பட்டியலில் பதிவு செய்தார். மற்றவர்களும் தங்கள் கைபேசிகளில் அதே சொல்லைத் தட்டிப் பார்த்தார்கள். அந்தக் கைபேசிகளும் மறுதொடக்கம் ஆயின.

கைபேசியில் ரூட் உரிமையோடு, அதாவது எந்தத் தடையும் இல்லாத முழு உரிமையோடு, முனையக் கட்டளைகளை (எழுத்தால் தட்டித் தரும் கட்டளைகளை) இயக்குவது பற்றிப் பேசும்போது, எந்தக் கருவியை நிறுவுவது, எந்தக் கட்டளையை எந்த வரிசையில் தருவது என்பவற்றிலேயே நம் கவனம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கட்டளையை ஏற்று நடத்தும் ஷெல் என்னும் நிரல் யாருடைய உரிமையில் ஓடுகிறது, அந்த உரிமை அதற்கு யாரிடமிருந்து வந்தது, அந்த ஷெல்லோடு பேசக்கூடியவர்கள் யார் யார் என்ற மூன்று கேள்விகளும் பின்னுக்குப் போய்விடுகின்றன. ஜி1 நிகழ்வு இம்மூன்றுக்கும் ஒருசேர விடை தருகிறது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை விரிவாக ஆராய்வது பயனுடையது என்று கருதுகிறேன்.

கைபேசியும் அதன் பாதுகாப்பு அமைப்பும்

ஜி1 என்பது தைவானின் எச்டிசி நிறுவனம் தயாரித்து, டி-மொபைல் நிறுவனம் 2008 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த கைபேசி. தயாரிப்பாளர் அதற்கு இட்ட பெயர் எச்டிசி டிரீம். ஆண்ட்ராய்டு இயங்குதளத்தோடு கடைக்கு வந்த முதல் கைபேசி அதுவே. 528 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள குவால்காம் சில்லும் 192 மெகாபைட் நினைவகமும் 3.2 அங்குலத் திரையும் கொண்டிருந்தது. திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் அதன் அடியில் ஐந்து வரிசை விசைப்பலகை தோன்றும். ஆண்ட்ராய்டின் முதல் பதிப்பில் திரை விசைப்பலகை கிடையாது. அது 2009 ஏப்ரலில் வந்த 1.5 பதிப்பில்தான் சேர்ந்தது. எனவே ஜி1 பயனர் எழுதிய ஒவ்வோர் எழுத்தும் உண்மையான விசை ஒன்றை அழுத்தியே உள்ளே சென்றது. இந்த ஆய்வின் மையம் இந்த விவரத்தில்தான் இருக்கிறது.

விற்பனைக்கு முந்தைய நாளான அக்டோபர் 21 அன்று ஆண்ட்ராய்டின் மூலநிரல் வெளியிடப்பட்டிருந்தது. கைபேசி தொடங்கும்போது எந்தச் சேவைகள் எந்த வரிசையில் எழுகின்றன என்பதைச் சொல்லும் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற நிலை அதனால் ஏற்பட்டது.

ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு, இயங்குதளத்தின் அடிக்கருவான லினக்ஸ் கெர்னலின் பழைய பயனர் முறையைப் புதிய வகையில் பயன்படுத்தியது. பல மனிதர்கள் பகிரும் கணினியில் ஆளுக்கொரு பயனர் எண் தருவது வழக்கம். ஆண்ட்ராய்டு அதே எண்ணைச் செயலிக்கு ஒன்றாகத் தந்தது. ஒரு செயலியின் கோப்புகளை இன்னொரு செயலி தொட முயன்றால் கெர்னலே தடுத்துவிடும். இந்த அமைப்பு ஏட்டளவில் நின்ற ஒன்றாகவும் இருக்கவில்லை. கைபேசி கடைக்கு வந்த சில நாட்களிலேயே சார்லி மில்லர் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் உலாவியில் ஓர் ஓட்டையைக் கண்டறிந்து அறிவித்தார்கள். ஆனால் அதன் வழியே நுழைபவருக்கு உலாவியின் எல்லைக்குள் இருப்பவை மட்டுமே கிடைக்கும், தொலைபேசி அழைப்புகளையோ பிற செயலிகளின் தரவுகளையோ எட்ட முடியாது என்பதையும் மில்லரே சொன்னார். தனித்தனி அறைகளாகக் கட்டியது பலன் தந்தது என்பதற்கு அது நல்ல சான்று.

இந்த அறைகள் எல்லாவற்றுக்கும் சாவி வைத்திருப்பவர் ரூட் என்னும் பயனர். அவருடைய எண் பூஜ்யம். அந்த எண்ணில் ஓடும் எந்த நிரலையும் அன்றைய கெர்னல் கோப்பு அனுமதி காட்டித் தடுக்காது. கைபேசியை விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்தச் சாவி தரப்படவில்லை. அவர் ஒரு முனையச் செயலியை நிறுவி ஷெல்லைத் திறந்தாலும், அந்த ஷெல் அச்செயலியின் எண்ணிலேயே ஓடும். ஓடும் நிரல் ஒன்று இன்னொன்றை எழுப்பினால், தாய்ச் செயல்முறை எந்த எண்ணில் ஓடுகிறதோ அதுவே குழந்தைச் செயல்முறைக்கும் வாய்க்கும் என்பது லினக்ஸ் அடங்கிய யுனிக்ஸ் குடும்பத்தின் விதி.

முதலில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட கட்டளை

'ரீபூட்' சம்பவம் பரவுவதற்குச் சில நாட்கள் முன்பே, ஜி1 கைபேசியில் ரூட் உரிமை பெறும் வழி கண்டறியப்பட்டுவிட்டது. வழி மிக எளிதாக இருந்தது. பிடெர்மினல் என்ற முனையச் செயலியைத் திறந்து 'டெல்நெட்டி' என்ற கட்டளையைத் தர வேண்டும். பெயரின் இறுதியில் உள்ள 'டி' அது பின்னணியில் ஓடும் சேவை என்பதைக் காட்டுகிறது. வலையின் வழியே வருபவருக்கு ஒரு ஷெல்லைத் திறந்துவிடுவது அதன் வேலை. பிறகு கணினியிலிருந்து டெல்நெட் என்ற இணைப்பு நிரல் மூலம் கைபேசியின் வலை முகவரிக்கு இணைப்புக் கொடுத்தால், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் ஷெல் திறக்கும். கட்டளைக்குக் காத்திருக்கும் வரியின் தொடக்கத்தில், சாதாரணப் பயனருக்கு உரிய டாலர் குறி ($) இருக்க வேண்டிய இடத்தில் ரூட்டுக்கு உரிய வேலிக்குறி (#) நின்றது.

வழி கிடைத்த மகிழ்ச்சியில் பலர் கடந்துசென்ற கேள்வி ஒன்று அங்கே இருந்தது. பிடெர்மினல் சாதாரணச் செயலி. அதிலிருந்து எழும் டெல்நெட்டியும் அதே சாதாரண எண்ணில்தான் ஓட வேண்டும். அப்படி ஓடும் டெல்நெட்டியால் தன் வழக்கமான 23ஆம் போர்ட்டை, அதாவது வலை இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் எண்ணிட்ட வாயிலை, பிடிக்கவே முடியாது. 1024க்குக் கீழான போர்ட்டுகளைப் பிடிக்கத் தனி உரிமை தேவை. டெல்நெட்டியின் நிரல் கோப்பில் இயக்குபவரின் உரிமையை உயர்த்தும் குறி இருக்கிறதா என்று பார்ப்பதே முதலில் தோன்றும் சோதனை. ஆயினும் சேவை எழுந்தது, போர்ட்டைப் பிடித்தது, ரூட் ஷெல்லையும் தந்தது. விதிப்படி தோற்க வேண்டிய ஒன்று வென்றுவிட்டால், அந்த வெற்றியின் காரணத்தைத் தேடுவதில் ஒரு பொறியாளர் தோல்வியைத் தேடுவதைவிட அதிக அக்கறை காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த நிகழ்வில் அந்தத் தேடலை முடித்துவைத்தது தோழிக்கு அனுப்பவிருந்த குறுஞ்செய்திதான்.

குறுஞ்செய்திப் பெட்டியில் எழுதிய சொல் கட்டளையாக ஓடியது என்றால், முனையச் செயலிக்கு இந்தக் கதையில் பங்கே இல்லை என்று பொருள். பிடெர்மினலில் தட்டிய 'டெல்நெட்டி' இரண்டு இடங்களைச் சென்றடைந்திருக்கிறது. ஒன்று, திரையில் தெரிந்த முனையத்தின் ஷெல்; அது எதிர்பார்த்தபடியே உரிமையின்றி நின்றிருக்கும். மற்றொன்று, திரையில் எங்குமே தெரியாத வேறொரு ஷெல். ரூட் உரிமையோடு சேவையை எழுப்பியது அந்த இரண்டாவது ஷெல்.

ஒரு விசைக்கு இரண்டு செவிகள்

அந்த இரண்டாவது ஷெல்லைத் தொடங்கியது கைபேசியே. லினக்ஸில் கெர்னல் எழுந்ததும் அது முதலில் இயக்கும் நிரல் இனிட். அதன் செயல்முறை எண் 1. அது ரூட்டாகவே ஓடுகிறது. ஆண்ட்ராய்டில் எந்தெந்தச் சேவைகளைத் தொடங்க வேண்டும் என்பதை இனிட்.ஆர்சி என்ற உரைக்கோப்பைப் படித்து அது தெரிந்துகொள்கிறது. அந்தக் கோப்பில் 'கன்சோல்' என்ற பெயரில் ஒரு சேவை எழுதப்பட்டிருந்தது. சொன்னது இவ்வளவுதான்: ஷெல்லை இயக்கு, அதன் உள்ளீட்டையும் வெளியீட்டையும் கெர்னலின் கன்சோலோடு, அதாவது அதன் அடிப்படை முனையத்தோடு, இணை. சேவையை இந்தப் பயனரின் எண்ணில் இயக்கு என்று குறிக்கும் வரி அதில் இல்லை. குறிக்காவிட்டால் தாயின் எண்ணே குழந்தைக்கு. இனிட் ரூட், எனவே ஷெல்லும் ரூட்.

இந்த வரியை எழுதியவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. புதிதாக வடிவமைத்த ஒரு சாதனத்தை முதன்முதலாக எழுப்பும்போது திரை வேலை செய்யாது, வலை இருக்காது, சேவைகள் பாதியில் விழும். அந்த நேரத்தில் சீரியல் கம்பியின் மறுமுனையில் ஒரு ரூட் ஷெல் கிடைத்தால் போதும், மற்றவற்றை அதன் துணையோடு சரிசெய்துகொள்ளலாம். உட்பொதி சாதனங்களில் வேலை செய்பவர்கள் அனைவரும் முதலில் எழுதிக்கொள்ளும் வரி அது. மேசைமேல் திறந்து கிடக்கும் பலகையில் அதனால் தீங்கு ஏதும் இல்லை. கம்பியைச் செருக அருகில் இருப்பவரால்தான் முடியும்.

விற்பனைக்கு வந்த ஜி1 கைபேசியிலோ கன்சோல் அந்தக் கம்பியோடு நிற்கவில்லை. கெர்னலில் மெய்நிகர் முனையம் என்ற பகுதி இயக்கப்பட்டிருந்தது. மேசைக்கணினியில் வரைகலைத் திரை எழுவதற்கு முன் கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள்; அதை நடத்துவது இந்தப் பகுதிதான். அது திரையை வெளியீடாகவும் விசைப்பலகையை உள்ளீடாகவும் எடுத்துக்கொள்ளும். ஆக, கன்சோலோடு இணைக்கப்பட்ட ஷெல்லுக்கு உள்ளீடு கைபேசியின் சொந்த விசைப்பலகையிலிருந்தே வந்தது.

விசை ஒன்றை அழுத்தும்போது கெர்னலுக்குள் நடப்பதை இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விசைப்பலகையை இயக்கும் டிரைவர் நிரல், எந்த விசை அழுத்தப்பட்டது என்ற நிகழ்வை உள்ளீட்டு அடுக்குக்குத் தெரிவிக்கும். அந்த அடுக்கு ஒரு நிகழ்வைப் பல கையாளுநர்களுக்கு ஒரே சமயத்தில் வழங்கக்கூடியது. ஜி1 கைபேசியில் இரண்டு கையாளுநர்கள் காத்திருந்தார்கள். ஒருவர், நிகழ்வைக் கோப்பு வடிவில் வெளியே தருபவர். அந்தக் கோப்பை ஆண்ட்ராய்டின் சாளர மேலாண்மை படித்து, அப்போது முன்னால் இருக்கும் செயலிக்கு எழுத்தைக் கொண்டுசேர்த்தது. மற்றவர் மெய்நிகர் முனையத்தின் விசைக் கையாளுநர். அவர் அதே விசையை எழுத்தாக மாற்றி, கன்சோலின் வரித்தொகுப்பில் சேர்த்தார். எண்டர் விசை அழுத்தப்படும்வரை அந்த வரி காத்திருந்தது. எண்டர் வந்ததும் முழு வரியும் ரூட் ஷெல்லின் கைக்குப் போயிற்று.

திரையில் இதன் தடயம் ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. தன் வரைகலை தொடங்கும்போது ஆண்ட்ராய்டு மெய்நிகர் முனையத்தை வரைகலை நிலைக்கு மாற்றியது. அந்த நிலையில் முனையம் திரையில் எதையும் எழுதாது. விசைப்பலகையை விட்டுவிடுமாறு சொல்வது அதிலிருந்து வேறான, தனியாகச் செய்ய வேண்டிய வேலை. லினக்ஸ் மேசைக்கணினிகளில் வரைகலைத் திரையை நடத்தும் எக்ஸ் சாளர அமைப்பு நெடுங்காலமாக இரண்டையும் செய்துவந்தது. போதாததற்கு, அங்கே கன்சோலில் காத்திருப்பது கடவுச்சொல் கேட்கும் நுழைவு நிரல், திறந்த ஷெல் அல்ல. ஜி1 கைபேசியிலோ ஆண்ட்ராய்டு திரையைக் கைப்பற்றியது, விசைப்பலகையைக் கைப்பற்றவில்லை. ஷெல் பேசியதெல்லாம் மறைந்தது. அது கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் நிற்கவில்லை.

இந்த விளக்கம் சரிதானா என்று சோதிக்க ஒரு சிறு விவரம் எனக்கு உதவியது. செய்தியின் முதல் எழுத்தை ஆண்ட்ராய்டு தானாகவே பெரிய எழுத்தாக மாற்றும். தோழிக்கு எழுதியவரின் திரையில் 'ரீபூட்' பெரிய எழுத்தில் தொடங்கியிருக்க வேண்டும். ஷெல்லோ பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகக் கொள்ளும்; பெரிய எழுத்தில் தொடங்கும் அப்படியொரு கட்டளை கிடையாது. பிறகு எப்படி ஓடியது? எழுத்தை மாற்றியது செயலியின் உரைப்பெட்டி. கெர்னல் கண்டது அழுத்தப்பட்ட விசையை மட்டுமே. ஷிப்ட் விசை அழுத்தப்படவில்லை, ஆகவே அதன் வரியில் சிறிய எழுத்துதான் நின்றது. பயனர் கண்ட உரையும் ஷெல் கண்ட உரையும் ஒன்றல்ல என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அதுபோலவே, உருள்பந்தால் பின்னே நகர்ந்து ஒரு சொல்லைத் திருத்தினால் திரையில் திருந்தும். கெர்னலின் வரியில் திருத்தம் தவறான இடத்தில் போய்ச் சேரும். பின்னாளில் எழுதப்பட்ட செய்முறைகள், கட்டளையைத் தட்டுவதற்கு முன் எண்டர் விசையை இரண்டு முறை அழுத்துமாறு வற்புறுத்தியதன் பொருள் இதுவே. அதுவரை சேர்ந்திருந்த எச்சங்களை வெளியேற்றி, வரியை வெறுமையாக்கிக்கொண்டு தொடங்க வேண்டும்.

எவ்வளவு ஆபத்து

வரியின் முதல் சொல் ஒரு கட்டளையின் பெயராக இருந்தால்தான் ஷெல் எதையாவது செய்யும். மனிதர் எழுதும் வாக்கியங்கள் பெரும்பாலும் அப்படித் தொடங்குவதில்லை. அதனால்தான் இந்தக் குறை ஆயிரக்கணக்கான கைபேசிகளில் இருந்தும் இரண்டு வாரங்களுக்கு மேல் வெளியே தெரியாமல் இருந்தது. ஆனாலும், கோப்புகளை அழிக்கும் கட்டளையைப் பற்றி நண்பருக்கு விளக்கி எழுதும் ஒரு நிரலாளர், அந்தக் கட்டளையைத் தனி வரியில் எழுதி எண்டர் தட்டினால் தம் கைபேசியையே அழித்துக்கொள்வார். வேண்டுமென்று ஒருவரை ஏமாற்றி ஒரு சொல்லைத் தட்டவைப்பதும் கடினமில்லை.

வெளியிலிருந்து ஒரு செயலி இந்த ஷெல்லுக்குள் எழுத்துகளைத் திணிக்க முடியாது. விசைகள் கெர்னலின் அடியிலிருந்து வர வேண்டும். எனவே தொலைவில் இருப்பவர் நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய ஓட்டை இது இல்லை. உண்மையான தொலைநிலை ஆபத்து, ரூட் பெற விரும்பியவர்கள் தாங்களே எழுப்பிய டெல்நெட்டியில் இருந்தது. கடவுச்சொல் இல்லாத ரூட் ஷெல் 23ஆம் போர்ட்டில் திறந்து கிடக்கும் கைபேசியோடு ஒருவர் பொது வைஃபையில் இணைந்தால், அதே வலையில் இருக்கும் எவரும் கட்டளை தர முடியும். வேலை முடிந்ததும் அதை நிறுத்தாமல் விட்டவர்களுக்குக் கைபேசியை மறுதொடக்கம் செய்யும்வரை அந்த ஆபத்து நீடித்தது.

வாசல் திறந்த பிறகு தரப்பட்ட கட்டளைகள்

ரூட் ஷெல் கையில் கிடைத்தவுடன் ஜி1 பயனர்கள் செய்த முதல் காரியம், அந்த உரிமையை நிலைப்படுத்திக்கொள்வது. இயங்குதளத்தின் கோப்புகள் இருக்கும் சிஸ்டம் பகுதி படிக்க மட்டும் என்ற நிலையில் இணைக்கப்பட்டிருந்தது. மவுண்ட் கட்டளையால் அதை எழுதத்தக்கதாக மறுஇணைப்பு செய்தார்கள். பின்னர் ஷெல்லின் நிரலையே 'எஸ்யூ' என்ற பெயரில் நகலெடுத்து, அனுமதி மாற்றும் கட்டளையால் அந்த நகலுக்கு 4755 என்ற எண்ணை இட்டார்கள். கடைசி மூன்று இலக்கங்கள் யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்பவற்றைச் சொல்பவை. முதலில் நிற்கும் நான்குதான் கனமானது: இந்த நிரலை யார் இயக்கினாலும் அது இயக்கியவரின் எண்ணில் ஓடாமல் கோப்பின் உரிமையாளருடைய எண்ணில் ஓட வேண்டும் என்று அது கெர்னலுக்குச் சொல்கிறது. உரிமையாளர் ரூட்.

மூன்றே கட்டளைகள். ஆனால் அவற்றின் விளைவைப் பலர் முழுமையாக எண்ணிப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். அந்த எஸ்யூ யாரிடமும் எதுவும் கேட்காது. கைபேசியின் உரிமையாளர் முனையத்தில் அதை அழைக்கும்போது ரூட் தரும். நேற்று நிறுவிய விளையாட்டுச் செயலி பின்னணியில் அழைத்தாலும் அதே ரூட்டைத் தரும். செயலிக்கு ஓர் எண், எண்ணுக்கு ஓர் அறை என்று கட்டிய முழு ஏற்பாடும் ஒரு கோப்பால் பொருளற்றுப் போய்விடுகிறது. எந்தச் செயலி கேட்கிறது என்பதைத் திரையில் காட்டி, பயனர் ஒப்புதல் தந்தபின் மட்டுமே உரிமை வழங்கும் முறை பின்னர் உருவாயிற்று. அந்த இடைநிலை இல்லாத எஸ்யூவை எந்தக் கைபேசியிலும் வைத்திருக்கக் கூடாது.

அடுத்த படி, மீட்புப் பகுதியை மாற்றுவது. நிறுவனம் அனுப்பும் புதுப்பிப்புத் தொகுப்பின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து நிறுவுவது அந்தப் பகுதியின் வேலை. அதை மாற்றியமைத்து, மூலநிரலோடு பொதுவில் கிடைத்த சோதனைச் சாவிகளால் கையெழுத்திட்ட தொகுப்புகளையும் ஏற்கும்படி செய்தார்கள். இதற்குப் பிறகு உரிமை ஓட்டையை நம்பி இருக்க வேண்டியதில்லை. தாங்களே தொகுத்த இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம்.

ஆர்சி30

குறை அமெரிக்கப் பதிப்புகளில் ஆர்சி29 வரையிலும், பிரிட்டன் பதிப்புகளில் ஆர்சி7 வரையிலும் இருந்தது. கூகுள் விரைந்து செயல்பட்டது. நவம்பர் மாதத்திலேயே அமெரிக்கக் கைபேசிகளுக்கு ஆர்சி30 என்ற திருத்தப் பதிப்பு காற்றுவழி வரத் தொடங்கியது. பிரிட்டனில் ஆர்சி8 அதே வேலையைச் செய்தது. விசைப்பலகைக்கும் ரூட் ஷெல்லுக்கும் இடையிலான இணைப்பு அறுந்தது.

திருத்தம் தேவையானதுதான், அதில் ஐயமில்லை. எனினும் அது ஓட்டையை அடைத்ததோடு, வேறு வழியில்லாத உரிமையாளர்களையும் வெளியே நிறுத்தியது. விளைவாக, ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை மறுப்பதற்கு மக்களுக்கு நியாயமான காரணம் கிடைத்தது. ஆர்சி30 வந்துவிடாமல் தடுக்கப் பலர் முயன்றார்கள். ஜீசஸ்ஃப்ரீக் என்ற புனைபெயரில் இயங்கிய நிரலாளர் ஒருவர், ஆர்சி30 பதிப்பின் திருத்தங்களை வைத்துக்கொண்டே ரூட் உரிமையையும் காக்கும் மாற்றுத் தொகுப்பை வெளியிட்டார். பாதுகாப்பா உரிமையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை என்பதை அந்தத் தொகுப்பு செயலில் காட்டியது. நிறுவனங்கள் செய்திருக்க வேண்டிய பணி அது. அந்த வரிசையின் தொடர்ச்சியாகவே நிரலாளர் ஸ்டீவ் கொண்டிக்கின் சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டு தொகுப்பு 2009இல் வளர்ந்தது. ஜெய் ஃப்ரீமன் என்ற நிரலாளர், ஆண்ட்ராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அருகில் கணினிகளுக்கான டெபியன் லினக்ஸை இயக்கும் முறையை அந்த நவம்பரிலேயே எழுதிக் காட்டினார். விலைக்கு வாங்கிய சிறு கணினியை முழுமையாக அறிந்துகொள்ள வேண்டும் என்ற விருப்பத்திலிருந்தே இந்த உழைப்பு பிறந்தது.

ஆர்சி30 வந்துவிட்ட கைபேசிகளுக்கும் வழி இருந்தது. நினைவக அட்டையை ஃபாட்32 முறையில் வடிவமைத்து, ஆர்சி29 பதிப்பின் முழுப் படிமத்தை டிரீஇமேஜ் என்ற குறிப்பிட்ட கோப்புப் பெயரில் அதில் வைத்து, கேமரா விசையையும் மின்விசையையும் சேர்த்து அழுத்தினால், இயங்குதளத்துக்கும் முன்பே ஓடும் பூட்லோடர் என்ற நிரல் எழுந்து, அந்தப் படிமத்தை நிறுவிவிடும். படிமத்தில் உள்ள கையெழுத்து தயாரிப்பாளருடையதா என்று பூட்லோடர் பார்த்தது. ஏற்கெனவே உள்ளதைவிடப் பழையதா என்று பார்க்கவில்லை. நேற்று சரியாக இருந்த கையெழுத்து இன்றும் சரியாகவே இருந்தது. குறையோடு கையெழுத்திட்ட படிமம் என்றென்றும் செல்லுபடியாகும் சீட்டாகிவிட்டது. இப்படிப் பழைய பதிப்புக்குத் திரும்பி, எண்டரை இருமுறை தட்டி, 'டெல்நெட்டி' எழுதுவது ஜி1 உரிமையாளர்களிடையே மாதக்கணக்கில் நிலையான செய்முறையாக இருந்தது. ஒரு குறையை நீக்கும் பதிப்பை வெளியிடுவதும், குறையுள்ள பதிப்பைத் திரும்பப் பெறுவதும் வேறு வேறு பணிகள். பழைய பதிப்புக்குப் பின்வாங்குவதைத் தடுக்கும் எண்ணுக்கு ஆண்ட்ராய்டு 2017இல், 8.0 பதிப்போடு வந்த சரிபார்ப்புத் தொடக்க முறையில்தான் (தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் முறையில்) இடம் தந்தது.

இந்த வழியில் சென்றவர்கள் அனைவரும் கரை சேரவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சிஸ்டம் பகுதியைக் கெடுத்தவர்கள் மீட்புப் பகுதி வழியே மீண்டார்கள். மீட்பையும் கெடுத்தவர்கள் பூட்லோடர் வழியே மீண்டார்கள். தொலைபேசி வலையோடு பேசும் ரேடியோ மென்பொருளின் பதிப்பு பொருந்துகிறதா என்று பாராமல் பூட்லோடரையே மாற்றியவர்களுக்கு மீள்வதற்குக் கீழே எந்தப் படியும் இல்லை. கைபேசி 'பிரிக்' ஆயிற்று, அதாவது செங்கல்போல் பயனற்றுப் போயிற்று. ரூட் ஷெல் ஒரு கட்டளையை ஏற்பதற்கு முன் எதையும் கேட்டுக்கொள்வதில்லை. ஆகவே எந்தப் பகுதியில் எழுதுகிறோம், அது கெட்டால் எந்தப் பகுதி நம்மை மீட்கும் என்ற கணக்கைக் கட்டளை தருபவர்தான் முன்கூட்டிப் போட்டுவைக்க வேண்டும்.

டிசம்பர் 5 அன்று கூகுள் ஆண்ட்ராய்டு டெவ் ஃபோன் 1 என்ற கைபேசியை 399 டாலர் விலையில் நிரலாளர்களுக்கு விற்கத் தொடங்கியது. அதே எச்டிசி டிரீம். ஆனால் சிம் பூட்டும் இல்லை, பூட்லோடர் பூட்டும் இல்லை. வாங்குவதற்கு 25 டாலர் கட்டிப் பதிவுசெய்த நிரலாளராக இருக்க வேண்டும். சாவியை உரிமையாளரிடம் முறைப்படி கொடுக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது. ஒப்பந்தத்தில் ஜி1 வாங்கிய பொதுமக்களுக்கு அந்தச் சாவி வரவில்லை. அவர்கள் ஆர்சி29 படிமத்தைத் தேடிப் போனதற்குக் குறும்பைக் காட்டிலும் இந்த வேறுபாடே முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அந்த வரி இன்று

ஆண்ட்ராய்டின் இனிட்.ஆர்சி கோப்பை இன்று திறந்தாலும் கன்சோல் சேவை அங்கே இருக்கிறது. ஷெல்லை இயக்கு, கன்சோலோடு இணை என்ற இரண்டு செய்திகளும் மாறவில்லை. அவற்றின் கீழே சில வரிகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, சேவை தானாக எழக் கூடாது என்கிறது. இன்னொன்று, அதை ஷெல் என்னும் எளிய பயனரின் எண்ணில் இயக்கச் சொல்கிறது. மற்றொன்று, கெர்னலின் கூடுதல் காவல் அமைப்பான எஸ்இலினக்ஸில் அதற்கு உரிய முத்திரையைக் குறிக்கிறது. 2014இல் வந்த 5.0 பதிப்பு முதல் முழுமையாக அமலான அந்த அமைப்பில், எண் பூஜ்யமாகவே இருந்தாலும் முத்திரை இடம் தராத எதையும் ஒரு செயல்முறையால் தொட முடியாது. இவற்றுக்குச் சற்றுக் கீழே, சோதனைக்கெனத் தொகுக்கப்பட்ட பதிப்பாக இருந்தால் மட்டும் கன்சோலைத் தொடங்கு என்ற நிபந்தனையும் எழுதப்பட்டிருக்கிறது.